வாளியில் நின்ற தண்ணீர்

மழை விட்ட பிறகு செம்பனைக் காட்டு வாய்க்காலில் எழுமே ஒரு வாடை, பாசியும் சேறும் கலந்து, அதுதான் எங்கள் வீட்டு மீன் தொட்டியின் மூடியைத் தூக்கினால் முகத்தில் அடிக்கும். அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வார். எனக்கோ அது ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டதற்கு அடையாளம். இன்றைக்கும் எங்காவது அந்த வாடை வந்தால் கையில் ரப்பர் குழாயோடு குந்தியிருக்கும் அப்பாவின் முதுகு கண்முன் வந்து நிற்கிறது.

குவாலா சிலாங்கூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்து லயத்தை, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்தபோது குடும்பங்களுக்குக் கிடைத்த சின்ன வீடுகளில் ஒன்றில்தான் நான் வளர்ந்தேன். அப்பா செம்பனை எண்ணெய் ஆலைக்கு லோரி ஓட்டினார். ஒருநாள் "பசார் மாலாம்" என்கிற இரவுச் சந்தைக்குப் போனவர் காய்கறிக்குப் பதில் கண்ணாடித் தொட்டியும், பிளாஸ்டிக் பையில் கப்பி மீன்களுமாக வந்து இறங்கினார். லோங்காங் சாக்கடையில் சும்மா கிடக்கிற மீனுக்குக் கண்ணாடி மாளிகை கேட்குதா என்று அம்மா பிடித்த பிடியில் அன்றைக்கு ரசம்தான் சாப்பாடு.

முதலில் வாங்கியவை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தண்ணீர் கலங்கிவிட்டதே என்று அப்பா மொத்தத்தையும் கொட்டி, தொட்டியைப் பளபளவென்று தேய்த்துக் கழுவி, பைப்புத் தண்ணீரை அப்படியே பிடித்து நிரப்பினார். கண்ணாடி போல் இருந்த அந்தத் தண்ணீரில் மீன்கள் மல்லாந்து மிதந்தன. மீன் விற்ற சீனர் தலையில் அடித்துக்கொண்டு, பைப்புத் தண்ணீரில் மருந்து இருக்கிறது, அதை வாளியில் ஒரு நாள் திறந்து வை, தொட்டியில் கொஞ்சத்தை மட்டும் எடுத்துக் கொஞ்சத்தை ஊற்று என்று சொல்லி அனுப்பினாராம்.

அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் குளியலறை மூலையில் ஒரு நீல வாளி நிறைந்து நிற்கும். அதில் யாரும் கை வைக்கக்கூடாது. மறுநாள் அப்பா குழாயின் ஒரு நுனியைத் தொட்டிக்குள் விட்டு, மறு நுனியை வாயால் உறிஞ்சி இழுப்பார். நேரம் தப்பினால் பாசித் தண்ணீர் வாய்க்குள் போய்விடும், அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து நான் உருண்டு சிரிப்பேன். கல் இடுக்கில் கிடக்கும் அழுக்கை உறிஞ்சி எடுப்பார். தண்ணீரை வடிகட்டும் ஸ்பாஞ்சைப் பைப்படியில் கழுவ மாட்டார், எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து மாட்டுவார். அந்தத் தண்ணீர் கடைசியில் கருவேப்பிலை மரத்துக்குப் போகும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றினால் என்ன என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அந்தப் பழைய தண்ணிதான் பாப்பா அதுங்களுக்கு வீடு. வீட்ட யாராச்சும் ஒரே நாள்ல இடிப்பாங்களா?" என்றார். லயத்தை அப்படித்தான் இடித்தார்கள் என்று எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை வாளியை நிரப்பி வைத்துவிட்டுப் படுத்த அப்பாவுக்கு விடியற்காலையில் நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவரை மத்தியானம் வெள்ளைத் துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள். சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனதும், ஆண்களெல்லாம் சுடுகாட்டுக்குப் போய்விட, பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். முன்னால் நின்றவர் அத்தை, அப்பாவின் ஒரே அக்கா. சாவு விழுந்த வீட்டில் இருந்த தண்ணீர் இருக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அடிக்கடி தண்ணீர் வெட்டு வருகிற ஊர் என்பதால் வீடு முழுக்கத் தோங் என்கிற பெரிய பீப்பாயிலும் குடத்திலும் பிடித்து வைத்திருந்தோம். அத்தனையும் வாசலில் ஓடியது. நீல வாளியையும் அத்தைதான் கவிழ்த்தார். அப்பா கடைசியாகச் செய்த வேலை சாக்கடையில் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தது தொட்டி. நான் ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டேன்.

"ஒரு சொட்டு இருக்கக்கூடாது பாப்பா. இருந்தா உங்கப்பன் போக மாட்டான், இங்கயே சுத்திக்கிட்டு நிப்பான்" என்று அத்தை அழுதுகொண்டே என் விரல்களைப் பிரித்தார்.

அப்பா போகாமல் இங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பெரியவர்கள் பலத்துக்கு முன் சின்னப் பிள்ளையின் பிடி எந்த மூலைக்கு! தொட்டி காலியானது, சவுக்காரம் போட்டுத் தேய்த்தார்கள். பாவம், மீன்களை யாரும் கொல்ல நினைக்கவில்லை, பைப்பைத் திறந்து புதுத் தண்ணீர் பிடித்து அதில்தான் விட்டார்கள். இருட்டுவதற்குள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காலையில் தொட்டியில் ஒன்றுகூட இல்லை. அத்தைமேல் எனக்கு வந்த கோபத்தை அம்மாவிடம் கொட்டினேன்.

"அவங்க தம்பியப் பறிகொடுத்துட்டு நிக்கிறாங்க. அவங்ககிட்ட மீனப் பத்தி ஒரு வார்த்த பேசக்கூடாது" என்று அம்மா சொன்னார். நானும் பேசவில்லை. தொட்டி அலமாரி மேல் ஏறியது.

வருடங்கள் ஓடின. நான் ரவாங்கில் வேலைக்குப் போய், அங்கேயே வீடு எடுத்து, அம்மாவை அழைத்துக்கொண்டேன். தனியாகிப்போன அத்தையை அம்மாதான் வற்புறுத்திக் கூட்டிவந்தார். அந்தப் பழைய தொட்டியைக் கழுவி நான் மறுபடியும் கப்பி விட்டேன். முதல் ஞாயிற்றுக்கிழமை குழாயை எடுத்துக் குந்தினேன். பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"கொஞ்சந்தானே எடுக்குற, பாப்பா?"

குழாயைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்குக் காலையில் நான் எழுவதற்கு முன் செத்த மீன்களையெல்லாம் அள்ளிக் கருவேப்பிலை மரத்தடியில் புதைத்தது தான்தான் என்றும், தம்பி வளர்த்ததைத் தன் கையாலேயே அழித்துவிட்டதை அப்புறம்தான் அந்த மீன்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாகவும் சொன்னார். இத்தனை வருடமும் நான் மட்டுமே சுமந்ததாக நினைத்தேனே! அதன் பிறகு வாராவாரம் அதே நாற்காலி, அதே கேள்வி. போன வருடம் உடம்பு முடியாமல் கிடந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நான் போனா, எவ வந்து சொன்னாலும் மீனுத் தண்ணிய மட்டும் ஊத்த விடாத."

"அப்புறம் நீங்க போகாம இங்கயே சுத்துவீங்களே, அத்தை" என்று கிண்டலாகத்தான் சொன்னேன்.

"சுத்திட்டுப் போறேன் லா. மீனு சாவக்கூடாது."

அத்தையை எடுத்துக்கொண்டு போன அன்று பெண்கள் குடத்தையெல்லாம் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். தொட்டிக்கு முன்னால் அம்மா போய் நின்றுகொண்டார், யாரையும் நெருங்க விடவில்லை.

எங்கள் பழைய வீட்டை இடித்து இப்போது அங்கே கடை வரிசை கட்டிவிட்டார்கள், கருவேப்பிலை மரமும் போய்விட்டது. தொட்டியில் மட்டும் மீன்கள் குஞ்சு போட்டுக்கொண்டே இருக்கின்றன. சனிக்கிழமை வாளியை நிரப்புகிறேன், ஞாயிற்றுக்கிழமை குழாயை எடுத்துக் குந்துகிறேன். யாரும் எதுவும் கேட்பதில்லை. நானாகவே அந்த நாற்காலிப் பக்கம் திரும்பி, "கொஞ்சந்தான் எடுத்தேன், அத்தை" என்று சொல்லிவிட்டுத்தான் மூடியைப் போடுகிறேன்.