முதலாளி வராத பொங்கல் விழா

கண்ணாடித்தாள் உறைக்குள் மடித்து வைத்த பொன்னாடை ஒன்று. பொங்கல் விழாவுக்கு முந்தைய எங்கள் தமிழ்ச் சங்கச் செயற்குழுக் கூட்டத்தில் செயலாளர் அக்கா அதை மேசைமேல் போட்ட விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "இது இந்த வருசம் வேண்டாம். கடையில திருப்பிக் குடுத்துருங்க" என்றார். அவர் திருநெல்வேலிக்காரர், ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு கிளினிக்கில் லேப் வேலை. குரலை உயர்த்தாமலே எங்கள் எல்லோர் வாயையும் அடைக்கத் தெரிந்தவர்.

ஷார்ஜாவில் சங்கம் நடத்துவது ஊரில் நடத்துவது போல அல்ல. ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போக முடியாது. அனுமதி இல்லாமல் காசு வசூலிப்பது குற்றம். அதனால் பணமுள்ள ஒருவரின் தயவில்தான் எல்லாம் ஓடும். எங்களுக்கு வாய்த்தவர் ஆள் சப்ளை கம்பெனி முதலாளி ஒருவர். ஹால் வாடகை, சாப்பாடு, மைக் செட், இளைஞர் அணிச் செலவு, அத்தனையும் அவருடையது. பதிலுக்கு அவருக்கு முன்வரிசை சோபா, பொன்னாடை, வேண்டிய மட்டும் பேச மைக். இளைஞர் அணிக்கோ வரவேற்பு நடனமும் தண்ணீர் பாட்டில் கொடுக்கும் வேலையும். இளைஞர் வளர்ச்சிக்கு நிதி என்று பேனரில் போட்டுவிட்டு, அந்த இளைஞர்களை வாய் திறக்கவிடாமல் வைத்திருந்த கூத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

அந்த வருடம் இளைஞர் அணிப் பிள்ளைகள் விடுமுறை நாட்களில், தொழிலாளர்கள் தங்கும் ஒரு லேபர் கேம்புக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போனார்கள். போன இடத்தில்தான் தெரிந்தது, அங்கிருந்த ஆட்களின் பாஸ்போர்ட்டெல்லாம் கம்பெனி லாக்கரில் பூட்டிக் கிடக்கிறதென்று. கம்பெனி யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா? பிள்ளைகள் பொங்கல் மேடையில் அரைமணி நேரம் கேட்டார்கள். கேம்ப் ஆட்களை அழைத்து உட்காரவைத்து, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது இந்த நாட்டுச் சட்டப்படியே தப்பு என்றும், எங்கே போய்ப் புகார் செய்வது என்றும் சொல்லப்போவதாகச் சொன்னார்கள். அக்கா சரி என்றுவிட்டார்.

விஷயம் முதலாளி காதுக்குப் போய்ச் சேர்ந்ததும், அந்தச் செயற்குழுக் கூட்டத்தின் நடுவிலேயே அவருடைய மேனேஜரிடமிருந்து போன் வந்தது. அக்கா அதை ஸ்பீக்கரில் போட்டார். "யூத் ப்ரோக்ராம கேன்சல் பண்ணிடுங்க மேடம். இல்லேன்னா ஹால் கிடையாது. உங்க சாரோட விசாவையும் கொஞ்சம் யோசிச்சுக்குங்க." அக்காவின் கணவர் அதே கம்பெனியில்தான் அக்கவுண்டன்ட். நாங்கள் ஆளுக்கொரு பக்கமாக, விட்டுவிடலாம் அக்கா என்றோம். அவர் முகம் சிவந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரங்ககிட்ட நேத்தே பேசிட்டேன். செய்யின்னுட்டாவ. பைசா பிரிக்கத்தான் கூடாதுன்னு சட்டம் சொல்லுது. ஆளுக்கு ஒரு பானை சோறு கொண்டாரக் கூடாதுன்னு சொல்லலையே. நாம கூட்டம் நடத்துற இந்தக் கூடம் போதும், ஹாலும் வேண்டாம், சோபாவும் வேண்டாம்."

அப்படித்தான் நடந்தது. கார் டிக்கிகளில் சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் வந்து இறங்கின. கேம்ப் ஆட்கள் எங்களோடு தரையில் கால் மடக்கி உட்கார்ந்தார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த கல்லூரிப் பெண் ஒருத்தி திக்கித் திக்கித் தமிழில் பேசினாள். "அங்கிள், பாஸ்போர்ட் உங்களோடது. கம்பெனியோடது இல்ல. போய்க் கேளுங்க. தரலேன்னா கம்ப்ளைண்ட் பண்ணலாம். நாங்க கூட வர்றோம்." கேம்ப் ஆட்களில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் எழுந்து, "தனியாப் போனாத்தானே விரட்டுவாங்க. எல்லாருமாப் போவோம்" என்றார். போனார்கள். புகார் என்ற பேச்சு எழுந்ததும் லாக்கர் திறந்துவிட்டது.

அக்காவின் கணவருக்குத்தான் வேலை போனது. வேறு வேலை அமையவில்லை; குடும்பத்தின் விசாவும் அவர் வேலையை நம்பித்தான். இருந்த பாத்திரம் பண்டங்களைக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினார்கள். விமான நிலையத்தில் நான் அழுதேன், அக்கா அழவில்லை. "என்னயப் பாவம் பாக்காதீங்க. எவன் காசு குடுத்தாலும் வாங்கிக்கோங்க. புள்ளையளோட மைக்க மட்டும் குடுத்துராதீங்க" என்றார்.

கொடுக்கவில்லை. சில வருடம் நிதி தர யாராவது வருவார்கள். சில வருடம் பானைகளைத் தூக்கிக்கொண்டு நாங்களே போவோம். அன்று திக்கித் திக்கிப் பேசிய பெண்தான் இப்போது செயலாளர். சமீபத்தில் புதிதாக ஒரு முதலாளி உதவ முன்வந்தார். அவருடைய மேனேஜர் போனில், யூத் ப்ரோக்ராமில் யார் பேசப்போகிறார்கள், என்ன பேசப்போகிறார்கள் என்று விசாரித்தார்.

"வாங்க சார்," என்றாள் அவள். "வந்து உக்காந்து கேளுங்க."