கடைசி ஐட்டம்

முதல் வகுப்பு மார்க் வாங்கிவிட்ட ஒரு பெண்ணுக்கு முதல் வகுப்புக் கொடுக்கலாமா, கூடாதா என்று நீங்கள் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசியதுண்டா?

நான் பேசினேன். போன மாதம், சிதம்பரத்தில். நடுவில் போண்டாகூட வந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடலூரில் வக்கீல் போர்டு மாட்டிக்கொண்டு சும்மா கிடந்த என்னை, ஒரு சர்வகலாசாலைக் கவுன்சிலில் மெம்பராகப் போட்டுவிட்டார்கள். எந்தச் சர்வகலாசாலை என்று கேட்காதீர்கள். எம்.ஏ. வகுப்புக்கு என்ன பாடம் வைப்பது, எத்தனை மார்க்குக்கு எந்த வகுப்புக் கொடுப்பது — இதையெல்லாம் தீர்மானிக்கிற சபை அது. எனக்கு அதில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. பயந்துகொண்டேதான் போனேன். உட்கார்ந்து கால் மணி நேரத்தில் பயம் போய்விட்டது. அங்கே எல்லோரும் என்னைப் போலத்தான்!

அந்தப் பெண் மெர்ஸி. கடலூரில் எங்கள் மஞ்சக்குப்பம்தான். அவள் அப்பா ஜில்லா கோர்ட்டில் குமாஸ்தா. அவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கை வருஷம் தவறாமல் சாப்பிட்டவன் நான். ஆகவே, நான் அவளுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லட்டும். பரிந்துதான் பேசுகிறேன்.

அவள் எடுத்தது எம்.ஏ. தத்துவம். இந்த வருஷம் அந்தப் பாடத்தில் இருந்தது அவள் ஒருத்திதான். அறுபது வாங்கினால் முதல் வகுப்பு. அவள் எழுபதைத் தொட்டுவிட்டாள். சென்னையில் ஒரு பெண்கள் காலேஜில் லெக்சரர் வேலை தயாராக இருந்தது. ஒரே நிபந்தனை, முதல் வகுப்பு. காலேஜ் திறப்பதற்குள் அந்தக் காகிதம் போய்ச் சேராவிட்டால் வேலை வேறு யாருக்கோ.

இதில் என்ன தகராறு என்கிறீர்களா? சொல்கிறேன்.

எங்கள் கவுன்சிலில் ஒரு ராவ்பகதூர் இருக்கிறார். பட்டம் போதும், பேர் வேண்டாம். முதல் வகுப்பு கத்தரிக்காய் மாதிரி மலிந்துபோய்விட்டதே என்று அவருக்கு ஏக வருத்தம். யுத்தம் வந்து சர்க்கரைக்கு ரேஷன், சீமெண்ணெய்க்கு ரேஷன் என்று ஆனதும் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது... முதல் வகுப்புக்கும் ரேஷன்! எந்த எம்.ஏ. பாடமானாலும் சரி, பரீட்சை எழுதியவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதல் வகுப்புத் தரக்கூடாது என்று போன வருஷம் ஒரு சட்டம் கொண்டுவந்தார். பாஸும் ஆகிவிட்டது.

இப்போது மெர்ஸி ஒருத்தி. ஒருத்தியில் ஐந்தில் ஒரு பங்கு எவ்வளவு?

கணக்குப் புரொபஸர் எழுந்து, அதை முழு எண்ணாக்கினால் பூஜ்யம் என்று விளக்கினார். ஒரு ரிட்டையர்ட் டாக்டர், இன்னும் நாலு பேர் தத்துவத்தில் தேறுகிறவரைக்கும் இவள் ரிசல்ட்டை நிறுத்திவைக்கலாமே என்றார். வருஷத்துக்கு ஒருவர் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "காத்திருக்கட்டுமே! தத்துவம் படிச்சவளுக்குப் பொறுமை இருக்காதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொருவர், 'முதல் வகுப்புக்குச் சமமான இரண்டாம் வகுப்பு' என்று ஒன்றை உண்டாக்கச் சொன்னார். இதெல்லாம் நல்ல இங்கிலீஷில் நடந்தது. அதனால் அங்கே இவ்வளவு அசட்டுத்தனமாகக் கேட்கவில்லை.

"அவள்தான் மார்க் வாங்கியிருக்கிறாளே!" என்றேன் நான்.

ராவ்பகதூர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மார்க் வேறே, வகுப்பு வேறே. புதுசா வந்திருக்கீங்க... போகப் போகப் புரியும்" என்றார்.

கடைசியில் ஒரு சப்-கமிட்டி போட்டார்கள். ஆறு மாதத்தில் அறிக்கை. பிரயாணப்படி உண்டு.

இதற்குள் மாலைப் பாசஞ்சருக்கு நேரமாகிவிட்டது. எங்களில் பாதிப் பேர் கடலூர்க்காரர்கள். அந்த ரயிலை விட்டால், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ்தான். வெள்ளை வேட்டியோடு ஏறி, கறுப்பு வேட்டியோடு இறங்க வேண்டும். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மீதியிருந்த அஜெண்டாவை ரிஜிஸ்ட்ரார் மடமடவென்று படிக்க, "யெஸ்... யெஸ்..." என்று குரல் வந்துகொண்டே இருந்தது. ஒருவர் செருப்பைத் தேடி முடிப்பதற்குள் ஒரு புது எம்.ஏ. பாடத்திட்டம் அமலுக்கு வந்துவிட்டது.

ஸ்டேஷனில் மெர்ஸி நின்றுகொண்டிருந்தாள். ரிசல்ட் கேட்க வந்திருக்கிறாள், பாவம்.

"என்ன மாமா ஆச்சு?"

"கமிட்டி போட்டிருக்காங்கம்மா. ஆறு மாசம் ஆவுமாம்."

அழுவாள் என்று பார்த்தேன். முகம் சிவந்ததே தவிர, அழவில்லை.

"ஆறு மாசமா? அதுவரைக்கும் மெட்ராஸ்ல எனக்காக நாற்காலியைக் காலியா வச்சிக்கிட்டு இருப்பாங்களா மாமா? அப்பா ஊரெல்லாம் சொல்லிட்டாரு."

ரயிலில் பட்டாளத்துக்காரர்கள் கூட்டம். எப்படியோ இடித்துப் பிடித்து ஏறினோம். பரங்கிப்பேட்டை தாண்டியது. மெர்ஸி மெதுவாகக் கேட்டாள்.

"அந்த அஞ்சுல ஒண்ணு சட்டம் பாஸானப்ப எவ்ளோ நேரம் பேசுனாங்க மாமா?"

நான் அப்போது மெம்பர் இல்லை. எதிர் பெஞ்சில் சாட்சாத் ராவ்பகதூரே உட்கார்ந்திருந்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரியாது. அவரையே கேட்டேன்.

"பேச்சா? ஒரு பேச்சு இல்லே!" என்றார் பெருமையாக. "கடைசி ஐட்டம். எல்லாரும் குடையைக் கையில எடுத்துட்டாங்க. ஏகமனதா நிறைவேறிச்சு!"

மெர்ஸி என் காதோரம் குனிந்தாள்.

"அப்ப என்னையும் கடைசியில வையுங்க மாமா."

அடி சக்கை! தத்துவம் படித்தது வீண்போகவில்லை.

மறுநாளே ரிஜிஸ்ட்ராரைப் போய்ப் பார்த்தேன். "இது இப்பத்தான் தெரிஞ்சுதா சார் உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். ஒருவரே எழுதும் பாடத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, நடந்து முடிந்த பரீட்சைக்கும் சேர்த்து — இவ்வளவுதான் தீர்மானம். "கமிட்டி இருக்கே?" என்றேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும் சார். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

போன சனிக்கிழமை கவுன்சில் மறுபடி கூடியது. பட்டமளிப்பு அங்கிக்குக் கரை சிவப்பா, ஊதாவா என்று சாயங்காலம்வரை விவாதம். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாசஞ்சருக்கு நேரமாயிற்று. நாற்காலிகள் நகர்ந்தன. குடைகள் எழுந்தன. ரிஜிஸ்ட்ரார் படித்தார். ராவ்பகதூருக்கு ஒரு கை கோட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கையைத் தூக்கி அவரே ஆமோதித்தார். மெர்ஸி முதல் வகுப்பில் தேறினாள்!

எனக்கு அந்தச் சந்தோஷத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. ரயில் நகர்ந்ததும் ராவ்பகதூரிடம் சொல்லிவிட்டேன், கடைசி ஐட்டம் என்னவென்று. குதிப்பார் என்று நினைத்தேன். மனிதர் சிரித்தார்.

"பரவாயில்லையே, சீக்கிரமே கத்துக்கிட்டீங்க. சரி, கடைசிக்கு முந்தினது என்னன்னு பார்த்தீங்களா?"

பையிலிருந்து அஜெண்டாவை எடுத்துப் பார்த்தேன். ஐந்து பேருக்குக் குறைவாகச் சேரும் எம்.ஏ. பாடங்கள் வருகிற வருஷத்திலிருந்து நிறுத்தப்படும் என்று இருந்தது. கொண்டுவந்தவர், ராவ்பகதூர்.

"ஒருத்தரே எழுதற பாடம் இருந்தாத்தானே இந்தத் தொல்லை? நீங்களுந்தான் கை தூக்குனீங்க" என்றார்.

தூக்கியிருந்தேன். ஆமோதித்தவர்கள் கணக்கில் என் பெயரும் சேர்ந்தாயிற்று. இதையெல்லாம் இங்கே எழுதுகிறேனே, ராவ்பகதூர் பார்த்துவிட்டால் என்கிறீர்களா? கவலையில்லை. அவர் தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெர்ஸி கேக் கொண்டுவந்தாள். சர்க்கரை கிடைக்காமல் வெல்லத்தில் செய்தது. சென்னைக்குப் புறப்படுகிற சந்தோஷம் அவள் முகத்தில். சொல்லாமல் இருந்திருக்கலாம், சொல்லிவிட்டேன். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்ப எனக்கப்புறம் அங்க யாருமே தத்துவம் படிக்க முடியாதா மாமா?"

"முடியாதும்மா."

"என் தங்கச்சி படிக்கணும்னு இருக்கா. நான்தான் அவளுக்கு ஆசை காட்டினேன்..."

பாழாய்ப்போன கவுன்சில்! ஒருத்திக்குக் கதவைத் திறந்துவிட்ட அதே கையால், அதே நிமிஷத்தில், மற்றவர்களுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போகவில்லை. காலை வண்டியிலேயே சிதம்பரம் போய் ரிஜிஸ்ட்ரார் முன்னால் நின்றேன். அந்தப் பாடங்களைத் திரும்பக் கொண்டுவர ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். "இதை அடுத்த மீட்டிங்ல கடைசியில வச்சிடுங்க" என்றேன்.

அவர் அதை வாங்கக்கூட இல்லை.

"முதல் இடம் வேணும்னா தர்றேன் சார். கடைசி இடத்துக்கு இப்பவே க்யூ நிக்குது!"