உட்கார்ந்து ஆடும் பெட்டி

ஏற்காடு ஏரிக்கரை விளையாட்டுக் கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் வீடியோ கேம் பெட்டியில் அகலமான இருக்கை இருக்கிறது. பொத்தான்கள் மடிக்கருகிலேயே இருக்கின்றன. அண்ணன் மகள் உட்கார்ந்து ஆடத் தொடங்கியதும் சூடேறிய ஒயரின் வாசனை வந்தது. என் சின்ன வயதில் பஸ் ஸ்டாண்டுக் கடையில் இருந்த பழைய மர வீடியோ கேம் பெட்டியிலும் இதே வாசனைதான்.

அது நின்றுகொண்டு ஆடும் பெட்டி. இளம்பிள்ளை வாதம் வந்ததால் எனக்கு இடது காலில் வலு இல்லை. பள்ளி விட்டு வந்து நான் ஆடும்போதெல்லாம் அண்ணன் பின்னால் நின்று என்னைத் தாங்கிக்கொள்வான்.

ஒருநாள் போனால், கடைக்காரர் பெட்டியின் கால்களை அறுத்துக் குட்டையாக்கி, முன்னால் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்.

"இனி உக்காந்தே ஆடு கண்ணு," என்றார் என்னிடம்.

எஸ்டேட் இளைஞர் ஒருவர், "ஏனுங்க, நாங்க குனிஞ்சுக்கிட்டா ஆடறது?" என்று கேட்டார்.

"நீங்களும் உக்காருங்க."

நான் நகர்ந்து அண்ணனுக்கு இடம் விட்டேன். இருவர் ஆடும் ஆட்டம். அவன் கைப்பிடியைக் கன்னாபின்னாவென்று திருப்பி உடனே தோற்றுவிட்டான்.

"என்னண்ணா, தெனமும் பாத்துட்டுத்தானே இருந்த?"

"நான் எங்க ஆட்டத்தப் பாத்தேன்? நீ உழுந்துருவியோன்னு உன்ற காலையேதான் பாத்துட்டிருந்தேன்."

எனக்கு மிச்சமிருந்த ஆட்டம் முழுவதையும் அவனுக்கே விட்டுவிட்டு, எந்தப் பொத்தான் எதற்கென்று பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்தேன்.