வாயை முகர்ந்து பார்த்தார்கள்

அண்ணனுக்கு இதயத்தில் செயற்கை வால்வு. அதில் ரத்தம் உறையாமல் இருக்க அவர் தினமும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும். கிளினிக்கில் அவருக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை ஒன்றுதான்: குடிக்கக் கூடாது. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் லோரி ஓட்டும் தமிழனைப் பார்த்தால் அவர்களுக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றுவதில்லை.

அண்ணன் பீரை விட்டார். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு இறைச்சியையும் விட்டார். அதுவரை கீரையைத் தொடாதவருக்கு அண்ணி இரண்டு வேளையும் கீரை சமைத்தார். வேலியோரத்து முருங்கை, சந்தையில் வாங்கிய சாயோர் மானிஸ் கீரை. மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் அடுத்த ரத்தப் பரிசோதனை பூசத்துக்குப் பிறகுதான்.

பூசம் நெருங்கிய ஒரு காலை, சாப்பாட்டுக் கடையில் என் எதிரே இருந்த அண்ணனின் கையிலிருந்து கோப்பிக் குவளை நழுவியது. பேச்சு குழறியது. பக்கத்து மேசையில் அவருடைய கூட்டாளி சிரித்தார்.

"என்னா மச்சான், வெரதத்துலயே ஏத்திட்டியா? முருகன் பாத்துக்கிட்டு இருக்காருலா!"

அண்ணனின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. "சிரிக்காதீங்க, வண்டிய எடுங்க!" என்று கத்தினேன்.

மருத்துவமனை அவசரப் பிரிவில் பெயரைக் கேட்பதற்கு முன், "காலையிலயே குடிச்சிட்டாரா?" என்று கேட்டார்கள். ஓர் உதவியாளர் குனிந்து வாயை முகர்ந்தார். இல்லை என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. போதை தெளியட்டும் என்று நடைபாதையில் தள்ளிவைத்தார்கள். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவருக்குக் கேட்டது.

தாமதமாகத்தான் ஸ்கேன் எடுத்தார்கள். வால்வில் உறைந்த ரத்தம் மூளைக்குப் போய் அடைத்திருந்தது. மறுநாள் வந்த தமிழ் டாக்டர்தான் சாப்பாட்டைப் பற்றி முதலில் விசாரித்தார்.

"கீரைதான் டாக்டர். நல்லதுதானே?" என்றார் அண்ணி.

"நல்லதுதான்க்கா. ஆனா கீரையில உள்ள வைட்டமின் கே இந்த மருந்தோட வேலையக் கொறச்சிரும். எப்பவும் ஒரே அளவா சாப்பிட்டா, அதுக்கேத்த மாதிரி நாங்க மருந்து குடுப்போம். திடீர்னு இவ்வளவு கூட்டக் கூடாது. யாரும் சொல்லலையா?"

"குடிக்காதீங்கன்னாங்க. அவரு குடிக்கல."

இப்போது அண்ணன் வீட்டில் படுத்திருக்கிறார். பேச்சு வரவில்லை. பார்க்க வருகிறவர்கள் ஆப்பிள் பையை வைத்துவிட்டு, அவர் தலைமாட்டிலேயே நின்று, "எல்லாம் அந்தக் குடியாலதான்" என்கிறார்கள். அண்ணன் இடது கையால் மெத்தையை ஓங்கி அடிக்கிறார். வலிக்கிறது போல என்று தலையணையைச் சரிசெய்கிறார்கள். அவர்களை நான் உட்காரச் சொல்வதில்லை. பையை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, வெளியே போகச் சொல்கிறேன்.