பதினேழாம் அறைக்கு எழுதிய குறிப்பு

ஜெமிமாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் என்னுடைய புத்தி கெட்ட காரியம் ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தப் பிள்ளை மாதக் கணக்கில் உட்கார்ந்து எழுதி வைத்த குறிப்புகளை எல்லாம், கண்ணை உறுத்துகிறது என்று கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டி மறைத்து வைத்தவன் நான்.

என் பெயர் சோலைச்சாமி. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்பும் பிரிவைப் பார்க்கிறேன். என் மனைவி பாண்டிலட்சுமிக்கும் அங்கேதான் வேலை. எனக்கு கேட்டை ஒட்டிய ஆபீஸில் நாற்காலி. அவளுக்கு உள்ளே, கடைசியில் தனியாகக் கிடக்கும் பதினேழாம் அறை. வானத்தில் போய்ப் பூக்கிற வெடிக்கு உள்ளே வைக்கும் மணிமருந்தை உருட்டி, அறைக்கு வெளியே இருக்கும் மேடையில் தட்டுத் தட்டாகக் காயப்போடுவது அவளுடைய வேலை. அறைக்கு நான்கு பேர்தான் இருக்கலாம், அறைக்கும் அறைக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும் என்பது சட்டம். அதனால் எங்கள் கம்பெனி ஒரு சின்ன ஊர் அளவுக்கு நீண்டு கிடக்கும்.

ஜெமிமா பில் போடுவதற்கென்று வந்தவள். விருதுநகர்ப் பிள்ளை. அம்மா ஞானபூரணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் ஆமத்தூர் வழியாக பஸ்ஸில் வருவாள். வந்து ஒரு வருஷத்தில்தான் முதலாளி மின்னல் எச்சரிக்கை ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். பட்டாசுக்காரனுக்குத் தீயைவிட மின்னல் மேல்தான் பயம். தீப்பெட்டியை கேட்டில் பிடுங்கி வைத்துவிடலாம், மின்னலை யார் பிடுங்குவது?

சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்து கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் இணைத்துவிட்டுப் போனார். திரையில் பெட்டி பெட்டியாக இருக்கும், பெட்டிகளுக்கு நடுவே கோடுகள். வானிலைக் கம்பெனியிலிருந்து மின்னல் தகவல் முதல் பெட்டிக்கு வரும். அது கேட்டில் இருக்கும் கைரேகை மெஷினிடம் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்கும். கடைசிப் பெட்டி அத்தனை பேருக்கும் போனில் எச்சரிக்கை அனுப்பும். ஒர்க்ஃப்ளோ என்று பெயர் சொன்னார். நாங்களும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டோம்.

முதல் மின்னல் தகவல் வந்த அன்று கேட்டில் இருக்கும் மரப்பெட்டி அலறியது. மருந்து இருக்கிற இடத்தில் செல்போன் கூடாது என்று காலையிலேயே எல்லோருடைய போனையும் வாங்கி அந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவோம். நூற்றுக்கு மேற்பட்ட போன்கள் ஒரே நேரத்தில் உள்ளே கிடந்து கத்த, வாட்ச்மேன் பெத்தணன் பெட்டிக்குள் என்னவோ புகுந்துவிட்டது என்று கம்பை எடுத்துக்கொண்டு நின்றார். உள்ளே வேலை பார்த்த ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நல்லவேளை, அன்று மின்னல் வேறு பக்கம் போய்விட்டது.

சிரிப்பதா அழுவதா என்று நாங்கள் நின்றபோது, ஜெமிமா கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமல், தானாகக் கற்றுக்கொண்டு, ஒரு வாரத்தில் அதை மாற்றினாள். இனி தகவல் பெத்தணன் போனுக்கு மட்டும் போகும், அவர் சைரனை இழுப்பார், எல்லோரும் கேட் பக்கம் இடிதாங்கி வைத்த சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். மாற்றிய பெட்டிக்குப் பக்கத்தில், மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் குறிப்பும் எழுதினாள். ‘எல்லோருக்கும் அனுப்பாமல் ஒருவருக்கு மட்டும் அனுப்புவது தப்பு என்று தோன்றும். மாற்ற வேண்டாம். மற்ற போன்கள் பூட்டிய பெட்டியில் இருக்கும்.’

அதிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மஞ்சள் ஒட்டிக்கொண்டது. சிலதுக்கு இரண்டு, மூன்று. எனக்கு எரிச்சல். “இங்கன என்ன பரீட்சையா எழுதுத? வேலை ஓடுனா சரிதான?” என்று கேட்டேன்.

“எங்கம்மா டியூட்டி முடிஞ்சாலும் எழுதி வைக்காம வீட்டுக்கு வர மாட்டாகண்ணே. அடுத்து வர்ற நர்ஸுக்கு என்ன மருந்து குடுத்தோம்னு மட்டும் தெரிஞ்சா பத்தாது, ஏன் குடுத்தோம்னு தெரியணும்பாக” என்றாள். “அதோட, எனக்கே ஆறு மாசம் கழிச்சு மறந்துபோகும்ணே.”

மறதிக்காரி என்று கேலி செய்துவிட்டுப் போய்விட்டேன்.

போன ஆவணியில் அவள் பிரசவத்துக்கு லீவு எடுத்தாள். போகும்போது இந்த ஏற்பாடு என் தலையில் விழுந்தது. முதல் வாரத்திலேயே திரை முழுக்க மஞ்சளாக இருக்கிறது, கோடு எங்கே போகிறதென்றே தெரியவில்லை என்று குறிப்புகள் அத்தனையையும் மறைத்துவிட்டேன். மறைக்க ஒரு பொத்தான் இருந்தது. அதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை வேறு.

புரட்டாசி வந்தது. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. அந்த வருஷம் பார்த்து மத்தியானம் ஆனால் மேகம் கூடிவிடும். பத்து நாளில் ஆறு தடவை சைரன் ஊதியது. ஆறு தடவையும் எல்லோரும் போட்டது போட்டபடி கூடத்துக்கு ஓடிவந்து, ஒரு மணி நேரம் வானத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் நடக்காமல் திரும்பிப் போனார்கள். வீட்டில் பாண்டிலட்சுமி என்னைப் பிடித்துக்கொண்டாள். “நாங்க வேலை பாக்க வாறமா, கேட்டுக்கும் ரூமுக்கும் நடக்க வாறமா? ஒங்க பொட்டிக்கு வேற சோலி இல்லையா?”

மேனேஜர் சிவபாண்டி மறுநாள் காலையில் கூப்பிட்டார். “அண்ணாச்சி, பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளி மின்னல் அடிச்சா நமக்கென்ன? அஞ்சு கிலோமீட்டருக்குள்ள வந்தா ஊதுனா போதும். மத்தியானத்துக்குள்ள மாத்தி வச்சிருங்க.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெம்பக்கோட்டை அணைக்கு மேல் இடித்தால் விஸ்வநத்தத்தில் எதற்கு ஓட வேண்டும்? பெட்டியைத் திறந்தேன். 15 என்பதை அழித்து 5 என்று போட்டேன். சேமிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. நல்ல புத்தி என்று நினைத்துவிட வேண்டாம். நாளைக்கு ஏதாவது ஆனால் பழி என் மேல் விழக் கூடாதே, ‘மேனேஜர் சொல்லி மாற்றியது’ என்று ஒரு வரி எழுதி வைப்போம் என்ற தந்திர புத்தி. குறிப்பு எழுத வேண்டுமானால் மறைத்த குறிப்புகளைத் திறக்க வேண்டும். திறந்தேன்.

அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த குறிப்பு இது. இப்போது எனக்கு மனப்பாடம்.

‘15ஐக் குறைக்கும் முன் படிக்கவும். இது தூரம் இல்லை, நேரம். வேகமாக வந்த நாளில் மேகம் வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து பதினைந்து நிமிஷத்தில் நம் தலைக்கு மேல் வந்துவிட்டது. தகவல் நமக்கு வந்து சேர இரண்டு நிமிஷம் ஆகும். மீதி பதின்மூன்று. பெத்தணன் தாத்தா எழுந்து போய் சைரன் இழுக்க ஒரு நிமிஷம். பதினேழாம் அறை பாண்டிலட்சுமி அக்கா மணிமருந்துத் தட்டைத் தார்ப்பாய் போட்டு மூடாமல் வர மாட்டார், சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அதற்கு மூன்று நிமிஷம். அங்கிருந்து கூடம் வரை நடக்க ஆறு நிமிஷம் நாற்பது வினாடி. வலது முட்டி மடங்கவில்லை, ஓட முடியாது. வீட்டில் சொல்ல வேண்டாம் என்றார். மூன்று நாள் நானே கூட நடந்து பார்த்தேன். கடைசியாக வருபவர் அவர்தான். அவர் உள்ளே வந்த பிறகுதான் மின்னல் வரலாம். அதற்குத்தான் 15.’

நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். அவளுக்கு முட்டி மடங்காது என்பது எனக்குத் தெரியாது. ராத்திரி தைலம் தேய்ப்பாள், களைப்பு என்று நினைத்துக்கொள்வேன். பில் போட வந்த ஒரு பிள்ளை, வயிற்றில் குழந்தையோடு, மூன்று நாள் அவள் பக்கத்திலேயே நடந்து வினாடிக் கணக்கு எடுத்திருக்கிறது.

5ஐ அழித்து 15 போட்டேன். பிறகு ஒவ்வொரு மஞ்சளாகப் படிக்க ஆரம்பித்தேன். கைரேகை மெஷின் பக்கத்தில், ‘ஒன்பதாம் அறை ராமுத்தாய் அக்காவுக்கு மருந்து பட்டு விரல் ரேகை தேய்ந்துவிட்டது. மெஷின் எடுக்காது. அவருக்குக் கார்டு. கார்டை மறந்து வந்த நாளில் அந்த அறையில் மூன்று பேர்தான் என்று காட்டும், நம்ப வேண்டாம்.’ இன்னொன்றில், ‘ஜெமிமா, இதே இடத்தில் மூன்றாம் தடவை தப்பு செய்கிறாய். முதலில் கோட்டைப் பார், பிறகு பெட்டியைத் தொடு.’ தனக்குத் தானே திட்டு. ஒரு மூலையில் எனக்கென்றே ஒன்று: ‘சோலையண்ணே, இந்தப் பெட்டி சிவப்பானால் பதற வேண்டாம். நெட் போயிருக்கும். பெத்தணன் தாத்தாவை வானத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் பொறுங்கள்.’

நான் பெட்டியும் கோடும் என்று நினைத்த இடத்தில் எங்கள் கம்பெனி சனம் முழுவதும் பெயரோடு நின்றது. யாருக்கு எந்தக் கால், யாருக்கு எந்த விரல் என்பது வரைக்கும் அங்கே இருந்தது. கோயிலுக்குள் செருப்போடு போய்விட்டவன் மாதிரி கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மேனேஜரைக் கூட்டிவந்து காட்டினேன். நின்றபடியே படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். “இருக்கட்டும் அண்ணாச்சி, பதினஞ்சே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வீட்டில் அன்று முட்டியைப் பற்றிக் கேட்டேன். “அந்தப் பிள்ள சொல்லிருச்சா?” என்று கேட்டுவிட்டு, பேச்சை மாற்றிவிட்டாள்.

அதற்கு மூன்றாம் நாள் வியாழக்கிழமை. மத்தியானம் இரண்டேகாலுக்குத் தகவல் வந்தது. பெத்தணன் சைரனை இழுத்தார். நான் கையில் கடிகாரத்தோடு கூடத்து வாசலில் நின்றேன். எட்டாம் நிமிஷத்துக்குள் ஏறக்குறைய எல்லோரும் வந்துவிட்டார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். தெற்கே வானம் கறுத்து இறங்கியது. பத்தாம் நிமிஷம் பாதையில் அவள் தெரிந்தாள். வலது காலை இழுத்து இழுத்து வைத்து வந்தாள். பக்கத்தில் அந்த அறையின் மற்ற மூன்று பேரும் அவளை விட்டு வர மனமில்லாமல் அவள் நடைக்கே நடந்து வந்தார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஓடிப்போய் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டேன். “விடுங்க, எல்லாரும் பாக்காக” என்றாள்.

வாசல்படி ஏறியபோது பன்னிரண்டாம் நிமிஷம். பெத்தணன் ஆள் கணக்கை முடித்து “எல்லாரும் வந்தாச்சு” என்று சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதன் மேலேயே இடி விழுந்தது. தரை ஆடியது. அடுத்த நொடி தெற்கே இன்னொரு சத்தம், அது வானத்தின் சத்தம் இல்லை. பச்சையும் சிவப்புமாக மணிமருந்து மொத்தமும் பட்டப்பகலில் பூத்தது. புகை அடங்கியபோது பதினேழாம் அறைக்குக் கூரை இல்லை, ஒரு சுவர் இல்லை, மேடை இருந்த இடத்தில் கரிதான் இருந்தது.

பாண்டிலட்சுமி என் கையைப் பிடித்திருந்தாள். வெட்கத்தை விட்டு எல்லோர் முன்னாலும் அழுதேன்.

சாயங்காலம் ஜெமிமாவுக்குப் போன் செய்தேன். பின்னால் கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அக்கா எம்புட்டு நேரத்துல வந்தாகண்ணே?”

“சைரனோட சேத்தா பன்னெண்டு நிமிசம் இருக்கும்மா.”

“அப்ப நான் எழுதுனதவிட ஒரு நிமிசத்துக்கு மேல கூடிருச்சே. முட்டிய டாக்டர்ட்ட காட்டுங்கண்ணே. எங்கம்மாட்ட சொல்லி வைக்கேன், கூட்டிட்டு வாங்க.”

“அதெல்லாம் போறேன். இன்னொன்னும் கேளு. மேனேஜரு அவள கேட்டுப் பக்கத்து மூணாம் ரூமுக்கு மாத்திட்டாரு. இனி அவ ஒரு நிமிசத்துல வந்திருவா” என்றேன் சந்தோஷமாக.

“ரொம்ப நல்லதுண்ணே” என்றாள். “அப்ப இனிமே கடைசியா வர்றது யாரு?”

கம்பெனியை மறுபடி திறந்த அன்று காலையில் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். போனைப் பூட்டிவிட்டு, அறை அறையாக. என் ஆயுசில் ஆபீஸைத் தாண்டி அவ்வளவு தூரம் நான் நடந்ததே இல்லை. ஒவ்வொருவரோடும் கூடம் வரைக்கும் வந்தேன், திரும்பப் போனேன். பலபேர் சிரித்தார்கள். இரண்டு நாள் ஆனது. பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஜெமிமாவின் குறிப்பை அழிக்காமல், அதற்குக் கீழேயே எழுதினேன்.

‘பதினாறாம் அறை சண்முகத்தாய். தட்டு மூட மூன்று நிமிஷம். நடக்க ஆறு நிமிஷம். ஒரு காது கேட்காது, சைரனைப் பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு நிமிஷம் சேர்த்துக்கொள்ளவும். இப்போது கடைசியாக வருபவர் இவர்தான். 15 அப்படியே இருக்கட்டும். மூன்று தடவை நானே கூட நடந்து பார்த்தேன். சோலைச்சாமி.’