மூன்றாவது மரத்தின் பின்னால்

கூடத்துச் சுவரில் அந்தக் காட்டு ஓவியம் இன்னும் இருக்கிறது. இரண்டு மரங்கள் இலை இலையாக, பொறுமையாக வரைந்தவை. நடுவில் நிற்கும் மூன்றாவது மட்டும் அவசரமாக அப்பிய பச்சை. போன வாரம் பக்கத்து ஃபிளாட்டுப் பெண் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இருட்டுக்குள்ள ரெண்டு மின்மினி! சூப்பர்" என்றாள். அத்தை அதில் மின்மினி வரையவே இல்லை.

வடவியட்நாம் படையிடம் சைகோன் விழுந்த புதிதில் எங்கள் வீடு த்ருவோங் டின் தெருவில், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருந்தது. மாமா பழைய ராணுவத்தில் அதிகாரி. புதிய அரசிடம் வெறும் கிளார்க் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவர்கள் கூப்பிட்ட 'மறுகல்வி' வகுப்புக்குப் போயிருந்தார். பொய் தெரிந்தால் வருடக்கணக்கில் முகாம்தான். புகைப்படங்களையெல்லாம் அடுப்பில் போட்டோம். இரண்டு மரங்களுக்கு நடுவே, சீருடைத் தோளில் இரண்டு தங்கநிறப் பூச்சின்னங்களோடு மாமா நிற்பதுபோல அத்தை வரைந்திருந்த படத்தை மட்டும் அவளால் எரிக்க முடியவில்லை. அவர்மேல் ஒரு மரத்தை வரைந்தாள். வண்ணம் கரைக்க டர்பன்டைன் கிடைக்காமல் மண்ணெண்ணெய் விட்டு நான்தான் பச்சை கலக்கிக் கொடுத்தேன். எனக்கு அப்போது பதினேழு வயது.

மறுநாளே வீட்டுச் சோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். போர்க்காலம் முழுக்கக் காட்டில் இருந்தவராம். அலமாரியை விட்டுவிட்டு ஓவியத்தின் முன்னால் போய் நின்றார். வியட்நாமியத்தில் நிதானமாகச் சொன்னார்: ஓரத்து மரங்களை வரைந்த கை அமைதியான கை, நடுமரத்தில் தூரிகை நடுங்கியிருக்கிறது, உச்சி வெயில் விழவேண்டிய இடத்தில் இவ்வளவு இருட்டு எதற்கு, வரைந்தவருக்கு என்ன பயம்? சொல்லிக்கொண்டே விரலை நீட்டினார். பச்சை இன்னும் காயவில்லை.

"நான் காட்டைப் பார்த்ததே இல்லை. அந்தப் பயம்தான்" என்றாள் அத்தை, அவர் மொழியிலேயே.

விரல் அங்கேயே நின்றது. தனக்கும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தது என்று சிரித்துவிட்டு அவர் போய்விட்டார். கதவைச் சாத்தியதும் அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மொதல்ல அந்த மண்ணெண்ணெய் டப்பாவ ஒளிச்சு வைடி" என்றாள். பத்து நாளில் மாமா திரும்பி வந்தார்.

இப்போது இருவருமே இல்லை. அதே நகரின் தெற்கே பூ மி ஹங்கில் பதினாறாவது மாடியில், சோதனை போட ஒருவரும் வராத வீட்டில் தனியாக இருக்கிறேன். மண்ணெண்ணெய்ப் பச்சை வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே வருகிறது. முதலில் தோளின் இரண்டு பூக்கள் வந்திருக்கின்றன. அடுத்து முகம் வரும். வரட்டும், பார்க்கவேண்டும் என்றுதான் ஏங்குகிறேன். ஆனால் நேற்று காலிங் பெல் அடித்தபோது, கதவைத் திறக்குமுன் ஓவியத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் போனேன்.