பாதியில் நின்ற அணுக்கள்

மாமன் மகளின் குழந்தைக்கு நெய்யாற்றின்கரையில் இருபத்தெட்டு கெட்டு, பிறந்த இருபத்தெட்டாம் நாள் சரடு கட்டும் சடங்கு. இடுப்பில் கருப்புச் சரடு கட்டி முடிந்ததும் குழந்தை ஒவ்வொருவர் கையாக மாறி வந்தது. மைனி, என் அண்ணன் மனைவி, கையை நீட்டினாள். அம்மா இடையில் புகுந்து, "நீ போயி பாயசத்துக்கு கிளாஸ் எடுத்து வையி பிள்ள" என்றாள். குரல் உயரவில்லை. ஆனாலும் அங்கிருந்த எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. மைனி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்வதுபோல் ஏதோ செய்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

கல்யாணமாகி வருஷங்கள் போயும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. கஷாயம், ஸ்கேன், ஊசி, நேர்ச்சை எல்லாம் மைனிக்குத்தான். பாறசாலையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணனை ஒரு பரிசோதனைக்குக்கூட யாரும் அனுப்பவில்லை. அவனாகவும் போகவில்லை.

நான் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். தினமும் பாறசாலையிலிருந்து ரயிலில் போய்வருவேன். விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது, அம்மாவிடமிருந்து வந்த குரோமோசோமும் அப்பாவிடமிருந்து வந்ததும் ஒன்றையொன்று கண்டுபிடித்துச் சேரவேண்டும். அதற்காகச் செல் தன் டிஎன்ஏவைத் தானே அங்கங்கே வெட்டிக்கொள்ளும். வெட்டுப்பட்ட இடத்தில் ஓர் ஒற்றை இழை நீண்டு நிற்கும். சில புரதங்கள் அதன்மேல் வரிசையாக ஏறி உட்கார்ந்து, எதிர்க் குரோமோசோமில் ஒத்த பகுதியைத் தேடி, அங்கிருக்கும் இழையை விலக்கி இதை உள்ளே நுழைக்கும். இதை இழைமாற்றம் என்போம். உடம்பின் மற்ற செல்களில் டிஎன்ஏ அறுந்துபோனால் ராட்51 என்ற புரதம் இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். விந்தணுவும் முட்டையும் உருவாகும்போது மட்டும் அதோடு டிஎம்சி1 என்ற இன்னொன்றும் வேண்டும். டிஎம்சி1 இல்லாத எலிகளை நான் வளர்த்திருக்கிறேன். நன்றாகத் தின்னும், ஓடும், ஒரு நோயும் இருக்காது. குட்டி மட்டும் பிறக்காது.

மறுநாள் அண்ணன் கடைக்குப் போனேன்.

"நீயும் ஒரு டெஸ்ட் பாக்கணும் அண்ணா."

"எனக்கு என்ன குறை?"

"குறைன்னு சொல்லல்ல. மைனிக்கு எல்லாம் பாத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னு டாக்டரும் சொல்லியாச்சு. பின்ன மிச்சம் யாராக்கும்?"

வயர் சுருளைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். "தங்கச்சி வந்து என்கிட்ட பேசுற காரியமா இது?" என்றான். பல்பு வாங்க யாரோ வந்தார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த வாரமே மைனி பாலராமபுரத்தில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. துணியை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகுதான் அண்ணன் எனக்குப் போன் செய்து, "எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு, வாறேன்" என்றான்.

முதல் பரிசோதனையில் விந்தணு ஒன்றுகூட இல்லை. பிறகு விரையிலிருந்து ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் என்னிடம் கம்ப்யூட்டர் திரையில் படத்தைக் காட்டினார். செல்கள் இருந்தன. எல்லாம் ஒரே கட்டத்தில், பாதி வழியில் நின்று அழிந்துகொண்டிருந்தன. எலிகளில் எத்தனையோ தடவை நான் பார்த்த அதே காட்சி. கீழே எலியின் எண் எழுதியிருக்கும் இடத்தில் அண்ணன் பெயர் இருந்தது.

"அச்சனும் அம்மையும் சொந்தமா?" என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டார். காலமாகிவிட்ட எங்கள் அப்பா, அம்மாவுக்குச் சொந்தத் தாய்மாமன் மகன். நான் கேட்டுக்கொண்டதால் ஜீன் பரிசோதனையும் செய்தார்கள். டிஎம்சி1 ஜீனின் இரண்டு பிரதிகளிலும் ஒரே எழுத்து மாறியிருந்தது. ஒன்று அம்மா வழி, இன்னொன்று அப்பா வழி.

பார்க்கிங்கில் வண்டியை எடுக்காமல் அண்ணன் நின்றான். "நீ அந்த புரதத்தைத்தானே ஆபீஸ்ல செய்யிதே? அத எனக்கு ஏத்த முடியாதா?"

"டியூபுக்குள்ள ஆவும் அண்ணா. மனுஷனுக்குள்ள கொண்டுபோவ இதுவரை வழி இல்ல."

ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டான். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அழுதான்.

டாக்டர் என்னையும் விடவில்லை. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். கொஞ்ச காலமாகவே சரியில்லை. ரயில் அலைச்சல், குளிர் அறையில் நிற்பது என்று நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தால் எனக்கும் அதே மாற்றம், இரண்டு பிரதிகளிலும். மிச்சமிருக்கும் முட்டைகள் என் வயதுக்கு மிகவும் குறைவு.

அதியன்னூரிலிருந்து வந்து பார்த்துப்போன ஒருவரோடு எனக்குக் கல்யாணம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. நானே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். பிறகு அவருடைய அக்கா கூப்பிட்டு, ஜாதகத்தை இன்னொரு தடவை பார்த்ததில் பொருத்தம் சரியில்லை என்றார்.

ஆய்வகத்தில் அந்த மாற்றமுள்ள புரதத்தைச் செய்து பார்த்தேன். இப்படி ஒரு மாற்றம் உண்டு என்று மட்டும் ஆய்வகத்தை நடத்தும் என் ஆசிரியருக்குத் தெரியும், யாருடையது என்று தெரியாது. சரியான புரதத்தைச் சேர்த்த டியூபில் இழை இடம் மாறியது. எங்களுடையதைச் சேர்த்த டியூபில் மாறவே இல்லை. "நல்ல ரிசல்ட்" என்றார். நானும் தலையாட்டினேன்.

அம்மாவிடம் சொல்ல அண்ணனால் முடியவில்லை. நான்தான் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"அப்ப நானும் அப்பாவும் கெட்டினதாக்கும் தப்பு."

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு பேருட்டயும் ஒவ்வொண்ணு இருந்துச்சு. யாருக்கும் தெரியாது."

துருவிய தேங்காயைக் கிண்ணத்தில் வழித்துப் போட்டாள். பிறகு, "அவள நான் என்னெல்லாம் சொல்லிப்போட்டேன்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பாலராமபுரம் போனாள். மைனி எங்களை உட்காரவைத்துச் சாயா கொடுத்தாள். அம்மா குடிக்காமல் கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில், "மக்கா, உன்மேல குத்தம் இல்ல" என்றாள்.

"அது எனக்கு அப்பவே தெரியும் மாமி" என்றாள் மைனி. "அவருக்குத்தான் குறைன்னு தெரிஞ்ச பிறகாக்கும் இஞ்ச வந்திருக்கீங்க. குறை எனக்குன்னா வந்திருப்பீங்களா?"

அம்மா கிளாஸைக் கீழே வைத்தாள். மைனி மறுபடி கேட்கவில்லை. "அவர நான் விடல்ல. அந்த வீட்டுக்கு மட்டும் இப்ப வரல்ல" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள். "உனக்கும் அது உண்டா மக்கா?"

நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. கல்யாணப் பேச்சு நின்றதற்கு ஜாதகம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

"உண்டு அம்மா."

பாறசாலை வரைக்கும் அவள் என் பக்கம் திரும்பவில்லை.

அண்ணனும் மைனியும் இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். குழந்தையைத் தத்தெடுப்பதா என்று பேசுகிறார்கள், இன்னும் முடிவாகவில்லை. இருக்கிற முட்டைகளையாவது எடுத்து உறையவைத்து வைக்கலாம் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார். கிடைக்குமா, கிடைத்தாலும் பயன்படுமா என்று அவருக்கும் உறுதியில்லை. அடுத்த ஸ்கேனுக்கு என்னோடு வருவதாக அம்மா சொல்கிறாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.